அம்பேத்கர் கிராமத்தை ஏன் நம்பவில்லை? 1948 நவம்பர் 4 உரையை வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை எழுதியது:

இரண்டு வாரமாக அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசியல் சட்டத்தைச் சபையில் வைத்து அம்பேத்கர் பேசிய உரையில் ஓர் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிராமம் என்பது ஊர்ப்பற்று என்ற பெயரில் தேங்கிய சாக்கடை, அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை என்கிறார். வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டது தனக்கு மகிழ்ச்சி என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

காந்தி கொல்லப்பட்டுப் பத்து மாதம்கூட ஆகவில்லை. சபையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காங்கிரஸ்காரர்கள். கிராம ராஜ்யம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே நின்று இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த உரையில் மெட்காஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதியதை அவரே எடுத்து வாசிக்கிறார். ராஜ வம்சங்கள் விழுந்தன, படையெடுப்புகள் வந்து போயின, கிராமச் சமுதாயம் மட்டும் குட்டிக் குடியரசுபோல அப்படியே நிலைத்து நின்றது என்ற புகழ்ச்சி அது. வாசித்துவிட்டு அம்பேத்கர் கேட்பது ஒரே கேள்வி: பிழைத்துக் கிடந்தது சரி, எந்த நிலையில் பிழைத்துக் கிடந்தது?

பலர் இதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய அரசியல் தத்துவத்தின் நடுத்தூணே இதுதான் என்று நினைக்கிறேன். அரசியல் சட்டம் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால் மேற்கத்திய அறிஞர்கள் ‘அரசிடமிருந்து குடிமகனை’ என்று சொல்வார்கள். அம்பேத்கர் பார்த்த ஒடுக்குமுறை மன்னனிடமிருந்து வந்ததைவிட பக்கத்துத் தெருவிலிருந்து அதிகம் வந்தது. அதனால் அவருடைய பதிலும் வேறு மாதிரி இருக்கிறது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

கல்தூண் எழுதியது:

மதிப்போடு மறுக்கிறேன். அந்த உரைக்கு மறுநாளே சபையில் எதிர்ப்பு கிளம்பியது. எச்.வி. காமத், பட்டணத்து மேதாவிகளின் பார்வை இது என்று கண்டித்தார். ஆந்திரத்தின் பிரகாசமும் கிராமங்களுக்காகப் பேசினார். அவர்களெல்லாம் சாதியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் இல்லை. நாட்டின் பெரும்பகுதி மக்கள் வாழும் இடத்துக்கு, நாட்டை ஆளும் சட்டத்தில் இடமே இல்லையா என்பது நியாயமான கேள்வி.

என் தாத்தா ஊரில் ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் போவது எல்லாம் ஊரே பேசி முடிவெடுத்த காரியம். நீர்க்கட்டி என்று அதற்கென ஓர் ஆள் இருந்தார். அந்தக் கூட்டு அறிவு டெல்லியில் உட்கார்ந்தால் வராது. கிராமத்தில் சாதி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நகரத்தில் இல்லையா? நோய் இருக்கிறது என்பதற்காக உடம்பையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

கல்தூண், உங்கள் தாத்தா ஊர் மதகு பற்றிச் சொன்னதை மறுக்கமாட்டேன். அந்த நீர்க்கட்டி எந்தத் தெருக்காரர், ஊர் கூடிப் பேசும்போது அவர் எங்கே நின்றார் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். தென்மாவட்டங்களில் பல ஊர்களில் அந்த வேலை யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அம்பேத்கருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரின் குளத்தைப் பார்த்தால் போதும். பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே 1923-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, பள்ளி எல்லாம் தீண்டத்தகாதோருக்கும் திறந்திருக்க வேண்டும். அதை ஒட்டி மகாட் நகராட்சி 1924-ல் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்தாகிவிட்டது. மூன்று வருடம் ஒருவர்கூட அதில் இறங்கித் தண்ணீர் அள்ளத் துணியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு வதந்தி கிளம்பி, மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் வழியில் தனியாகப் போனவர்களையும் அடித்தார்கள். அப்புறம் 108 குடம் தண்ணீரை வெளியே இறைத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி, மந்திரம் சொல்லி, குளம் ‘சுத்தமாகிவிட்டது’ என்று அறிவித்தார்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் நகராட்சி தன் 1924 தீர்மானத்தையே ரத்துசெய்தது.

உள்ளூர் அமைப்பு கொடுத்த உரிமையை உள்ளூர் அமைப்பே மூன்று வருடத்தில் பிடுங்கிக்கொண்டது. எல்லாம் முறைப்படி, கூட்டம் கூட்டி, வாக்கெடுத்து! ஊர்ப் பெரும்பான்மையின் மடியில் முடிந்து வைத்த உரிமை என்ன ஆகும் என்பதைப் பாடமாக இல்லாமல் கண்ணால் பார்த்த மனிதர் அவர். இருபது வருடம் கழித்துச் சட்டம் எழுதும் குழுவின் தலைவராக உட்கார்ந்தபோது அதை மறந்திருப்பாரா?

தேன்சிட்டு எழுதியது:

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் ‘அரசியல் சட்டத்தின் தந்தை, வரைவுக் குழுத் தலைவர், 1947 ஆகஸ்ட் 29’ என்று மூன்று வரிதான் இருக்கிறது. மகாட் பற்றி இன்றைக்குத்தான் முழுசாகப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். சட்டம் எழுதியது ஒருவர் இல்லை, குழு என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அவருடைய தத்துவம் அதில் எவ்வளவு இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டப்பலகை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. முதலில் குழு விஷயம். ஆரம்ப வரைவைத் தயாரித்தவர் பி.என். ராவ் என்ற சட்ட ஆலோசகர். குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், முன்ஷி, சாதுல்லா போன்றவர்கள் இருந்தார்கள். அம்பேத்கரே தன் கடைசி உரையில் ராவுக்கும் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் நன்றி சொல்கிறார். ஆனால் குழு எப்படி வேலை செய்தது என்பதை சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று சபையில் சொன்னார். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசு வேலையில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லிக்குத் தொலைவில் இருந்து உடல்நிலை காரணமாக வர முடியவில்லை, கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். சபையில் 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன, 2,473 எடுத்துக்கொள்ளப்பட்டன. பிரிவு பிரிவாக எழுந்து பதில் சொன்ன குரல் பெரும்பாலும் அவருடையது.

அவருடைய கை எங்கே தெரிகிறது என்றால் நான் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவைத்தான் காட்டுவேன். எந்த ஜூனியர் வந்தாலும் இதை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது என் வழக்கம். கடை, உணவு விடுதி, பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எதையும் காரணம் காட்டி ஒரு குடிமகனை இங்கெல்லாம் தடுக்கக் கூடாது. ஒரு நாட்டின் உச்சபட்சச் சட்டத்தில் கிணறும் படித்துறையும் பெயர் சொல்லி வருவதைக் கவனியுங்கள். வைகைக்கரை சொன்ன குளம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ‘கடை’ என்றால் எதுவரை என்று சபையில் கேள்வி வந்தபோது, அதை விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும், பொதுமக்களுக்கு ஒரு சேவையைத் தருகிறேன் என்று உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம் என்று விளக்கம் சொன்னவர் அம்பேத்கர்.

இன்னொன்று. மற்ற அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை ‘அரசு இதைச் செய்யக் கூடாது’ என்று அரசைக் கட்டுப்படுத்துபவை. 15(2), தீண்டாமையை ஒழிக்கும் 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23 ஆகிய மூன்றும் சக மனிதனையும் கட்டுப்படுத்துபவை. டீக்கடைக்காரரும் பண்ணையாரும்கூட இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க உரிமைப் பட்டியலைப் படித்துவிட்டு இங்கே வந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, ‘இவ்வளவு பெரிய சட்டம் எதற்கு, நிர்வாக விவரமெல்லாம் அரசியல் சட்டத்தில் எதற்கு’ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அதற்கும் அதே நவம்பர் 4 உரையில் பதில் இருக்கிறது. கிரேக்க வரலாறு எழுதிய ஜார்ஜ் குரோட்டிடமிருந்து அரசமைப்பு அறம் என்ற கருத்தை எடுத்துக்கொள்கிறார். சட்டத்தின் நடைமுறைகளை ஆள்வோரும் எதிர்க்கட்சியும் மக்களும் மனதார மதிக்கும் பழக்கம் அது. பிறவியில் வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும், நம் மக்கள் இன்னும் பழகவில்லை என்கிறார். இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகம் இல்லாத மண், ஜனநாயகம் அதன் மேல் தூவிய மேலுரம் மட்டுமே என்பது அவர் கணிப்பு. சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், நிர்வாகத்தை மட்டும் திருகி, சட்டத்தின் ஆன்மாவையே கெடுத்துவிடலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அதனால்தான் விவரங்களையும் உள்ளேயே எழுதிப் பூட்டினார்.

பூட்டியதைத் திறக்க எளியவனுக்கும் சாவி வேண்டுமே, அதுதான் 32-வது பிரிவு. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை. இதை எடுத்துவிட்டால் சட்டமே செல்லாக்காசு, இதுதான் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று 1948 டிசம்பர் 9 அன்று சொன்னார்.

கல்தூண் எழுதியது:

சட்டப்பலகை எழுதியதைப் படித்துப் புதிதாக நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனாலும் கிராமம் முழுசாகத் தள்ளப்படவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம் 1948 நவம்பர் 22 அன்று கொண்டுவந்த திருத்தம்தான் இன்றைய 40-வது பிரிவு, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்பது. அம்பேத்கர் அதை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டார். 1992-ல் 73-வது திருத்தம் அதற்கு எலும்பும் சதையும் கொடுத்தது. தேர்தல் கட்டாயமானது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு வந்தது. காந்தியும் அம்பேத்கரும் அங்கே கைகோத்துவிட்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

நெல்மணி எழுதியது:

ஐயா, நான் படித்தவன் இல்லை, இந்தச் சபை விவாதமெல்லாம் எனக்குப் புதுசு. ஆனால் ஊராட்சி எழுத்தராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கைகோத்தது எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் சொல்லவில்லை.

எங்கள் ஊராட்சி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தடவை, காலனியிலிருந்து ஓர் அம்மா தலைவராக வந்தார். அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். அலுவலகத்தில் தலைவருக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று உண்டு. முதல் கூட்டத்தன்று அது உள்ளறையில் பழைய தெருவிளக்குப் பட்டிகளோடு கிடந்தது. கால் ஆடுகிறது, தச்சரிடம் சொல்லியிருக்கிறது என்றார்கள். அந்த அம்மா என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டார். நாற்காலியின் காலை நான் அன்று சாயங்காலம் அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஊர்த்தெருக்காரர். காலனிக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிய வேலை முடிந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்து, பில்லும் தயார். செக்கில் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணைத் தலைவர் வீட்டுக்கு நான் ஒன்பது தடவை நடந்தேன். ஒரு தடவை வெளியூர், ஒரு தடவை தூக்கம், ஒரு தடவை பேனா எடுக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, சட்டத்தை மீறுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் விழவில்லை.

சட்டப்பலகை ஐயா சொன்னாரே, எழுத்தை மாற்றாமல் நிர்வாகத்தைத் திருகிவிடலாம் என்று. அதைப் படித்ததும் எனக்கு அந்தச் செக்குதான் ஞாபகம் வந்தது. 1948-ல் ஒரு மனிதர் இதை எப்படி முன்கூட்டியே கண்டார் என்று நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

கரிசல் எழுதியது:

நெல்மணி ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேறெதையும் உடனே எழுதத் தோன்றவில்லை. படிக்காதவன் என்று இனிமேல் எழுதாதீர்கள்.

இதே மதுரைச் சீமையில் மேலவளவில் 1996-ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, கூட இருந்த ஐந்து பேரோடு வெட்டிக் கொன்றார்கள். தனித் தொகுதியில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தலைவர் உட்காரவே முடியவில்லை. வேட்புமனுவே வராது. வந்தால் ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஆள் ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார். பத்து வருடம் இந்தக் கூத்து நடந்தது.

இதை அம்பேத்கர் 1932-லேயே கேட்டுவிட்டார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிப் பெற்ற ஏற்பாட்டில் தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று பொதுத் தொகுதியில், இன்னொன்று தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தனியாக. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கிய இடங்கள் 71-லிருந்து 148 ஆகக் கூடின, தனி ஓட்டு போனது. இடம் அதிகம் கிடைத்ததே என்று பலர் சொல்வார்கள். இடம் யாருடைய ஓட்டில் நிரம்புகிறது என்பதுதான் அவருக்குக் கேள்வி. ஊர்ப் பெரும்பான்மை தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதிப் பிரதிநிதி ஊர்ப் பெரும்பான்மைக்கே ஆள் ஆவான் என்ற பயத்தை அவர் கடைசிவரை விடவில்லை. பாப்பாபட்டி ராஜினாமா கடிதத்தைப் பார்த்தால் அந்தப் பயம் எவ்வளவு சரி என்று தெரியும்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1947-ல் பட்டியல் சாதிக் கூட்டமைப்புக்காக அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் முக்கியத் தொழில்கள் அரசுடைமை, விவசாயமும் அரசுத் தொழில், நிலம் கூட்டுப்பண்ணையாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் சட்டமன்றத்தில் நாளைக்கு மாற்ற முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். 1948 நவம்பர் 15-ல் கே.டி. ஷா ‘சோஷலிச’ என்ற சொல்லைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, சமூகம் பொருளாதாரத்தில் எப்படி அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கேற்ப மக்களே முடிவுசெய்யட்டும், சட்டத்தில் கட்டிப்போடக் கூடாது என்று மறுத்துவிட்டார். இரண்டு வருடத்துக்குள் எப்படி இந்த மாற்றம்? நிலம் கைமாறாமல் 15(2) மட்டும் வைத்துக்கொண்டு கூலிக்காரன் என்ன செய்வான்? அந்தப் பண்ணையாரிடம்தானே மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்?

தேன்சிட்டு எழுதியது:

நானும் ஒன்று கேட்க வேண்டும். 1949 நவம்பர் 25 உரையில் சத்தியாகிரகம், சட்டமறுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்று சொல்கிறார். மகாட்டில் சத்தியாகிரகம் நடத்தியவரே இப்படிச் சொல்லலாமா?

சட்டப்பலகை எழுதியது:

தேன்சிட்டுக்கு முதலில். அந்த வாக்கியத்துக்கு முன்னால் உள்ளதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்ட வழி எதுவும் இல்லாத காலத்தில் அந்த முறைகளுக்கு நியாயம் இருந்தது, வழி திறந்த பிறகு இல்லை என்கிறார். மகாட்டிலேயே இதைச் செய்துகாட்டியவர் அவர். 1927 டிசம்பரில் இரண்டாவது தடவை குளத்துக்குப் போக ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்திருந்தார்கள். குளம் தனியார் சொத்து என்று சிலர் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். கூடியவர்கள் கைதாகத் தயாராக இருந்தார்கள். அம்பேத்கர் தடையை மதித்து அவர்களைத் திருப்பி அழைத்துப் போனார். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தது அந்தக் கூட்டத்தில்தான். மதநூலுக்கு நெருப்பு, நீதிமன்ற உத்தரவுக்கு மரியாதை. வழக்கு பத்து வருடம் இழுத்து 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. பத்து வருடம் காத்திருந்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. தினமும் கோர்ட்டில் வாய்தா வாங்கும் எனக்கு ஒரு வழக்கின் பத்து வருடம் என்றால் என்னவென்று தெரியும்.

கரிசல் கேட்டதற்கு. முரண் இருக்கிறது, மழுப்ப விரும்பவில்லை. 1947-ல் அவர் ஒரு கட்சியின் குரல். 1948-ல் தன் கட்சிக்குப் பலமே இல்லாத ஒரு சபையின் வரைவுக் குழுத் தலைவர். முதலில் வங்காளத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டல் போன்றோர் தயவில் வந்தார். பிரிவினையில் அந்த இடம் போய், பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவில் திரும்பி வந்தார். எதை எழுத வைக்க முடியுமோ அதை எழுத வைத்தார். எழுத முடியாமல் போனதை மறைக்கவும் இல்லை. 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம், அரசியலில் ஒரு மனிதன் ஓர் ஓட்டு ஒரே மதிப்பு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்த மதிப்பை மறுப்போம், இதைச் சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சபை பாடுபட்டுக் கட்டியதைத் தகர்த்துவிடுவார்கள் என்று அதே 1949 நவம்பர் 25 உரையில் சபையிலேயே எச்சரித்தார். தான் கட்டிய வீட்டில் எந்தச் சுவர் பலவீனம் என்று குடிவருபவர்களிடம் காட்டிவிட்டுப் போன கொத்தனார் அவர்.

இந்துக்களின் திருமணம், சொத்துரிமையைச் சீர்திருத்தும் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதும் 1951-ல் அமைச்சர் பதவியை விட்டார். வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைத் தொடாமல் பொருளாதாரச் சட்டங்கள் போடுவது சாணக்குவியல் மேல் மாளிகை கட்டுவது என்றார். 1953-ல் மாநிலங்களவையில் இந்தச் சட்டத்தை எரிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன் என்றார். அதை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புகிறார்கள். 1955 மார்ச்சில் அதற்கு அவரே காரணம் சொன்னார்: தெய்வம் குடியிருக்கக் கோயில் கட்டினோம், தெய்வம் வருமுன் பேய் புகுந்துகொண்டால் என்ன செய்வது?

கல்தூண் எழுதியது:

நெல்மணி ஐயாவின் ஒன்பது நடையைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியதை அப்படியே திரும்ப எழுத மாட்டேன். கிராமம் உரிமையின் அலகாக இருக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவிடம் நேற்று போனில் கேட்டேன். நீர்க்கட்டி ஊர்க்கூட்டத்தில் உட்கார மாட்டார், மந்தை வேம்புக்கு அந்தப் பக்கம் நிற்பார் என்றார். வைகைக்கரை கேட்டது சரிதான்.

ஆனால் என் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனி மனிதனாக எடுத்துக் கையில் ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது எப்படி? உச்ச நீதிமன்றம் துணைத் தலைவரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கலாம். அந்த அம்மாவை மதிக்க வைக்குமா?

வைகைக்கரை எழுதியது:

கல்தூண், நீங்கள் கேட்டதைத்தான் அவர் கடைசி ஏழெட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் நீதி, சுதந்திரம், சமத்துவம் எல்லாம் உண்டு. சகோதரத்துவம் என்ற சொல் கிடையாது. அதை முகப்புரையில் சேர்த்தது வரைவுக் குழு. முகப்புரையை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். தனிமனித கண்ணியம் முதலில், நாட்டின் ஒற்றுமை அதற்கு அப்புறம். ஒற்றுமைக்காகக் கண்ணியத்தைப் பொறுத்துக்கொள் என்று காலம்காலமாகக் கேட்டுவந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு பெரிய விஷயம்!

1949 நவம்பர் 25 உரையில் சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் சுவரில் பூசிய வண்ணம் அளவுக்குத்தான் ஆழம் என்கிறார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்கள் எப்படி ஒரு தேசம் ஆவார்கள் என்று கேட்கிறார். 1954 அக்டோபரில் அகில இந்திய வானொலியில் பேசியபோது, என் தத்துவம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொல்லில் அடங்கும், பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கியதாக நினைக்காதீர்கள், என் ஆசான் புத்தரிடம் பெற்றது என்றார். சட்டத்தை யாரும் மீறிவிடலாம், அதனால் சட்டம் மட்டும் சமத்துவத்துக்கு முழுக் காவலாக முடியாது, சகோதரத்துவம்தான் உண்மையான காவல் என்றும் அதிலேயே சொல்கிறார். நாட்டின் சட்டத்தை எழுதிய மனிதர் சட்டத்தின் எல்லையை இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவியதை நான் அரசியலை விட்டு விலகியதாகப் பார்க்கவில்லை. அரசியல் சட்டத்தில் எழுதி வைக்க முடியாத ஒன்றைத் தேடிப் போனார்.

கிராமத்தில் அது வளருமா என்றால், வளர வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கிணறும் செக்கும் நாற்காலியும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்த வரிசை என்று நான் புரிந்துகொள்கிறேன். ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டவரிடம் போய் சகோதரத்துவம் பேச முடியாது.

கரிசல் எழுதியது:

வரிசையை ஏற்கிறேன். அந்த வரிசையில் நிலமும் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நெல்மணி ஐயா, அந்தக் குழாய் பில் கடைசியில் என்ன ஆனது?

நெல்மணி எழுதியது:

பத்தாவது தடவை நான் போகவில்லை. அந்த அம்மாவே போனார். காலனிப் பெண்கள் பதினைந்து இருபது பேரோடு, காலிக் குடத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கையெழுத்து வந்தது. நாற்காலி அடுத்த கூட்டத்துக்குள் வெளியே வந்துவிட்டது, தச்சர் வந்த மாதிரி தெரியவில்லை.

குழாய் இன்றைக்கும் ஓடுகிறது. வரிசையில் கடைசிக் குழாய் ஊர்த்தெரு முனைக்குப் பக்கம். கோடையில் ஊர்த்தெருப் பக்கம் தண்ணீர் ஏறாதபோது அங்கிருந்தும் பெண்கள் குடத்தோடு வருகிறார்கள். முதலில் அவர்கள் குடத்தை ஒரு சாண் தள்ளித் தனியாக வைப்பார்கள். போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டுதான் இருந்தன. பெரியவர்கள் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்று மட்டும் இன்னும் தள்ளி இருந்தது.